வேனில் வைக்க டிவி ஆன்டெனா எது நல்லது? அவசரம் (மதுரை)

பழங்காநத்தத்தான்:
வணக்கம். வேனில் வைக்க ஒரு நல்ல டிவி ஆன்டெனா சொல்லுங்கள். ஆன்லைனில் தட்டு மாதிரி வட்டமாக ஒன்று பார்த்தேன். 360 டிகிரியும் எடுக்குமாம், பூஸ்டரும் உள்ளேயே இருக்கிறதாம். வாங்கலாமா? வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.

திருநகர் ராஜா:
என்ன வேன்? என்ன டிவி? ஓடும்போது பார்க்கவா, நிறுத்திவிட்டுப் பார்க்கவா? எந்தச் சேனல் வேண்டும்? எந்த ஊருக்குப் போகிறீர்கள்? வெள்ளிக்கிழமை என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லையே.

மேலூர்க்காரன்:
தட்டே போதும் தம்பி. சிக்னல் குறைந்தால் இன்னொரு பூஸ்டர் போடு. எல்லாக் கோளாறுக்கும் பூஸ்டர்தான் மருந்து.

பழைய இன்ஜினியர்:
மேலே தேடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் தொடுவதில்லை, அதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சரி, கடைசியாக ஒரு முறை சொல்கிறேன். அந்தத் தட்டு பிடிப்பது தரைவழி ஒளிபரப்பை, அதாவது தரையில் நிற்கும் டவரிலிருந்து வருவதை. பிடிப்பதற்கு அங்கே ஒளிபரப்பு இருக்க வேண்டும் அல்லவா? தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பை, முக்கியமான சில இடங்களைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. டிஜிட்டல் தரைவழி 2016-இல் 16 நகரங்களில் வந்தபோது தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான் பட்டியலில் இருந்தது. மதுரை இல்லை. பூஸ்டர் இருப்பதைப் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்.

பழங்காநத்தத்தான்:
பழைய ட்ராவலர். சீட்டெல்லாம் கழற்றிக் கட்டில் போட்டிருக்கிறோம். நிறுத்திவிட்டுத்தான் பார்ப்போம். கொடைக்கானல், அப்புறம் ராமேஸ்வரம். அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்கு சீரியல். அப்படியென்றால் எதை வாங்குவது?

விளாங்குடி வக்கீல்:
சீட்டைக் கழற்றியதை ஆர்.சி.யில் ஏற்றினீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு. ஆன்டெனாவை அப்புறம் பார்க்கலாம்.

மேலூர்க்காரன்:
ஆன்டெனாவே வேஸ்ட் என்பது போலப் பேசாதீர்கள். எண்பதுகளில் எங்கள் பெரியப்பா வீட்டு மாடியில் கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டு, இலங்கை ரூபவாஹினி பார்த்தோம். தெருவே வந்து உட்கார்ந்திருக்கும்.

பழைய இன்ஜினியர்:
மேலூரிலா? ராமநாதபுரம் கடற்கரை என்றால் நம்பலாம்.

மேலூர்க்காரன்:
பார்த்தது நான். பார்க்காதது நீங்கள்.

தேனி டிஷ்காரர்:
தம்பி, டிஷ் ஒன்றுதான் வழி. முதலில் சேனலை முடிவு செய்யுங்கள். செய்தி போதும் என்றால் ஃப்ரீ டிஷ், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. பாக்ஸும் டிஷ்ஷும் வாங்குகிற செலவோடு சரி, மாதக் கட்டணம் இல்லை. முன்பு பொதிகையாக இருந்த டிடி தமிழ் வரும். அம்மா பார்க்கும் சீரியல் கட்டணச் சேனலில் என்றால் அது அதில் வராது. வீட்டில் டி.டி.ஹெச். இருந்தால் அந்த பாக்ஸையே கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் செயற்கைக்கோள் வேறு. எது என்று சொன்னால் திசை சொல்கிறேன்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு இப்போதே சொல்லிவிடலாம். அதன் செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கிறது. மதுரையில் நின்றால் தென்கிழக்குப் பக்கம், வடக்கிலிருந்து வலமாக எண்ணி 122 டிகிரி. உயரம், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், 68, 69 டிகிரி. கொடைக்கானலில் 68, ராமேஸ்வரத்தில் 70. ஆக நீங்கள் போகிற இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே திசைதான். அவ்வளவு உயரம் என்பதால் எதிர் மலையோ கட்டடமோ மறைக்காது, தலைக்கு மேல் கிளை வந்தால்தான் போச்சு. கொடைக்கானலில் நிழலுக்கு ஆசைப்பட்டு மரத்தடியில் நிறுத்தாதீர்கள்.

68 டிகிரி என்றதும் டிஷ்ஷை வானம் பார்க்க மல்லாத்திவிட வேண்டாம். எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நிற்கிற, சிக்னலை வாங்கும் முனை) நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிற ஆஃப்செட் டிஷ் அது. செங்குத்திலிருந்து 45 டிகிரிக்குப் பக்கம் சாய்ந்தாலே சரியான இடத்தைப் பார்க்கும். நான் போய்ச் சரிசெய்கிற டிஷ்களில் இந்தத் தப்புதான் அதிகம்.

வேன் கூரையில் பொருத்தவே பொருத்தாதீர்கள். 60 சென்டிமீட்டர் டிஷ் பார்க்கிற அகலமே மொத்தம் 3 டிகிரிக்குள். உள்ளே அம்மா கட்டிலில் திரும்பிப் படுத்தால் வேன் அசையும், படம் கட்டம் கட்டமாக உடையும். ஓடும்போது காற்று வேறு பிடித்து இழுக்கும். ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்து தரையில் வையுங்கள். காலில் தண்ணீர் கேன் கட்டினால் ஆடாது. டிஷ்ஷை மாட்டும் ஸ்டாண்டு குழாய் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அதுதான் முக்கியம். இடவலம் நாலு டிகிரி தப்பினாலும் இந்த உயரத்தில் சமாளித்துவிடும், மேல்கீழ் தப்பினால் படம் இல்லை. எல்.என்.பி.யையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்க்க வேண்டும்.

போனில் காம்பஸ் பார்ப்பதாக இருந்தால் வேனை விட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள், இரும்புக்குப் பக்கத்தில் முள் பொய் சொல்லும். திரையில் ஸ்ட்ரெங்த்தை விட்டுவிட்டு குவாலிட்டியைப் பார்த்துத் திருப்புங்கள். பலத்த மழையில் எதுவும் வராது, டிஷ்ஷைப் போட்டு ஆட்டாதீர்கள்.

திருநகர் ராஜா:
கரண்ட்? அதை யாரும் கேட்கவில்லை. டிவி, பாக்ஸ் அடாப்டர்களில் 12 வோல்ட் டி.சி. என்று போட்டிருந்தால் இன்வெர்ட்டர் தேவையில்லை. ஆனால் பேட்டரியிலிருந்து நேரே கொடுக்காதீர்கள், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் 12 வோல்ட் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். டவுன் ஹால் ரோட்டில் விசாரித்துப் பாருங்கள்.

சின்னமனூர் செல்வி:
போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தால் முடிந்தது. இதற்கு எதற்கு ரசமட்டம், தண்ணீர் கேன்?

தேனி டிஷ்காரர்:
டவர் இருக்கிற இடத்தில் சரி தங்கச்சி. மலை ஏறினால் எல்லா வளைவிலுமா டவர் இருக்கிறது?

அழகர்மலை:
ரூபவாஹினி விஷயத்துக்கு வருகிறேன். 1982-இல் தொடங்கினார்கள். டவர் பிதுருதலாகலை மலை உச்சியில், 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்தும் நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டர் சொச்சம்தான் எட்டும். மேலூர் 400-க்கும் மேல். ஆனால் கடலுக்கு மேல் சூடான காற்று அடுக்காகப் படிந்தால் அலை வளைந்து வரும். சில ராத்திரி கண்ணாடி மாதிரித் தெரியும், மறுநாள் வெறும் புள்ளி. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

பழைய இன்ஜினியர்:
இரண்டும் சரி என்பது பஞ்சாயத்து, விஞ்ஞானம் அல்ல.

மேலூர்க்காரன்:
எங்கள் வீட்டில் தினமும் தெரிந்தது. பூஸ்டர்.

விளாங்குடி வக்கீல்:
ஆர்.சி. பற்றி இன்னும் பதில் இல்லை.

பழங்காநத்தத்தான்:
ஃப்ரீ டிஷ் வாங்கி ஸ்டாண்டு அடித்துவிட்டோம். கொடைக்கானலில் படம் வருகிறது. அப்பா செய்தி பார்க்கிறார். சீரியல் இல்லை என்று அம்மா கோபத்தில் இருக்கிறார். தேனி அண்ணனுக்கு நன்றி.

சின்னமனூர் செல்வி:
அம்மாவுக்கு ஹாட்ஸ்பாட்.

திருப்புவனம் கார்த்தி:
நானும் ட்ராவலரில் இதையே செய்யப் போகிறேன். கேபிளை எந்த வழியாக உள்ளே கொண்டுபோனீர்கள்? கதவு இடுக்கில் விட்டால் நசுங்குகிறது, கூரையில் ஓட்டை போட்டால் மழை இறங்குமோ என்று பயமாக இருக்கிறது. பழங்காநத்தத்தான் அண்ணே, இருக்கிறீர்களா?