சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு ரத்தக்குழாயை அடைக்கிற பரம்பரை நோய்) வலியோடு கேஷுவாலிட்டிக்கு வந்தவங்க: நீங்க பார்த்தது என்ன?

மலைச்செவிலி: நீலகிரி. 50 கிலோ பையன், தொடையிலயும் இடுப்பிலயும் வலி. நாடி, பிரஷர் நார்மல். ஸ்ட்ரெச்சர்ல அசையாம மொபைல் பார்த்துட்டிருந்தான். "வலிக்கிறவனா இவன்?"னு டியூட்டி டாக்டர் அடுத்த கேஸுக்குப் போயிட்டார். டைக்ளோஃபெனாக் வலி ஊசி ஒண்ணு, ரெண்டு லிட்டர் சலைன். கடும் வலிக்குப் போடுற மார்பின் இருக்கிற அலமாரியோட சாவி மேல் வார்டுல. வந்து சேரும்போது விடிஞ்சிருச்சு. அசைஞ்சா வலி கூடும்னுதான் அப்படிக் கிடந்தான். வந்த 1 மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போயிருக்கணும்.

அவசரப்பிரிவு: சாவியை விடுங்க, அந்த ரெண்டு லிட்டர்தான் உறுத்துது. நீர்ச்சத்து குறைஞ்சிருந்தா ஈடு கட்டலாம். இல்லைன்னா 50 கிலோவுக்கு மணிக்கு 90 மி.லி. போதும், குடிக்கிறதையும் அதுல கழிச்சுக்கணும். மீறினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மார்பின் கிலோவுக்கு 0.1 மி.கி., இவனுக்கு 5. ஆம்ப்யூல் (மருந்துக் குப்பி) 10 மி.கி., 15 மி.கி. ரெண்டு பலத்திலயும் வருது, லேபிள் பார்க்காம உடைக்காதீங்க. 10 மி.கி.யை நீர்க்க வெச்சு 10 மி.லி. ஆக்கினா கணக்கு சுலபம்; 5 மி.லி.யை நிதானமா நரம்புல செலுத்துங்க. அரை மணிக்கு ஒருதரம் வலி, மூச்சு எண்ணிக்கை, மயக்கம் பாருங்க. மார்பினை முறிக்கிற நலோக்சோன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். மார்பின் வகையிலயே இன்னொண்ணான பெத்திடின் வேண்டவே வேண்டாம், அதோட கழிவு உடம்புல சேர்ந்தா வலிப்பு வரும்.

வார்டு 4: வலி குறைஞ்சு டிஸ்சார்ஜ் எழுதியாச்சு, எங்க வார்டுல ஒரு சிக்கிள் செல் பொண்ணுக்கு. சேலையை மாத்திக்கிட்டு நிக்கிறா, ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் 96ல இருந்து 91க்கு இறங்கிருச்சு. சேர்ந்தன்னைக்கு எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. இப்போ வலது நுரையீரல் அடியில வெள்ளைத் திட்டு. சிக்கிள் செல்லால நுரையீரல்ல வர்ற இந்த நெஞ்சுச் சிக்கல் பெரும்பாலும் ரெண்டு, மூணு நாள் கழிச்சுத்தான் தலை காட்டும். விழிச்சிருக்கும்போது 2 மணிக்கு ஒருதரம் ஸ்பைரோமீட்டர்ல (மூச்சுப் பயிற்சிக் கருவி) 10 மூச்சு இழுக்க வைக்கணும். அதை யாரும் சொல்லிக் கொடுக்கல.

லேப்காரர்: வலின்னதும் மார்பின்னு ஓடுறீங்களே, நோயா, கேரியரா (மரபணு ஒண்ணு மட்டும் இருந்து, நோய் இல்லாதவரா)ன்னு பார்த்தீங்களா? முதல்ல செய்யுற கரைதிறன் ரத்த டெஸ்ட் ரெண்டுக்குமே பாசிட்டிவ் காட்டும். அதை நம்பி ஒரு கேரியரோட குடல்வால் வலியை "சிக்கிள் வலி"ன்னு படுக்க வெச்சிருந்தாங்க. பிரிச்சுக் காட்டுறது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சு அளக்குற எச்.பி.எல்.சி. டெஸ்ட்தான்.

அவசரப்பிரிவு: எச்.பி.எல்.சி. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வலியில கிடக்கட்டுமா? வயிறு வலின்னா வயித்தைத் தொட்டுப் பாருங்க, மருந்தை நிறுத்தாதீங்க. அப்படியே மண்ணீரலையும் தொட்டுப் பாருங்க, முக்கியமா குழந்தைகளுக்கு. ரத்தம் அதுல தேங்கி அது வீங்கி, ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட 2 கிராம் இறங்கியிருந்தா ரத்தம் உடனே வேணும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க; ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டினா ரத்தம் கெட்டியாகி அதுவே அடைக்கும்.

மலைச்செவிலி: நோயாளியோட வழக்கமான ஹீமோகுளோபின் அளவு எவ்வளவுன்னு யார் கையில இருக்கு? அவங்க சிக்கிள் செல் அட்டையில "பாசிட்டிவ்"னு மட்டும்தான் எழுதியிருக்கு.