டாங் சண்டைக்குக் கண்ணாடி ஒட்டினால் போதுமா?

ஆழிமுத்து: "கடல்நீர்த் தொட்டியில் புது டாங் மீன் விடும்போது, தொட்டிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டுங்கள், மூன்று நாளில் பழைய டாங் அடங்கிவிடும்" என்று உப்புநீர்ப்பித்தன் போன வாரம் எழுதியிருந்தார். நம்பிச் செய்தேன். என் மஞ்சள் டாங் முதல் நாள் கண்ணாடியோடு முட்டியது. இரண்டாம் நாள் அதை விட்டுவிட்டுப் புது கோல் டாங்கைத் துரத்த ஆரம்பித்தது. பக்கவாட்டில் திரும்பி, வாலடியில் இருக்கிற அந்த வெள்ளை முள்ளால் ஒரே வீச்சு. விலாவில் பிளேடால் கீறிய மாதிரி கோடு விழுந்துவிட்டது. இப்போது பாவம், தண்ணீர் வழிந்து வெளியேறுகிற ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னால் துடுப்பை மடக்கி ஒண்டிக்கொண்டிருக்கிறது. இப்படியா யோசனை சொல்வது?

உப்புநீர்ப்பித்தன்: மூன்று நாள் என்று எழுதினேன். நீங்கள் இரண்டு நாளில் எடுத்துவிட்டு என்னைத் திட்டுகிறீர்கள். பத்து வருடமாகச் செய்கிறேன், என்னிடம் நான்கு டாங் ஒன்றாக இருக்கின்றன.

ஆழிமுத்து: மீன் கிழிந்த பிறகு மூன்றாம் நாள் எதற்கு? கண்ணாடியில் தெரிகிற மீன் தோற்று ஓடுவதே இல்லை. ஓடாத எதிரியைப் பார்த்துப் பார்த்து என் டாங்குக்கு வெறிதான் ஏறியது.

நீலவால்: கண்ணாடி கண்ணாடி என்கிறீர்களே, தொட்டியே கண்ணாடிதானே? அறை இருட்டாக இருந்து தொட்டி விளக்கு மட்டும் எரிந்தால் மீனுக்குத் தன் பிம்பம் தெரியும். என்னிடம் இருக்கிற பெண் க்ளவுன் மீன் தினமும் அதோடு முட்டுகிறது. தனியாக ஒட்டுவானேன்?

ஆழிமுத்து: நான் பேசுவது முகம் பார்க்கும் கண்ணாடியை. தொட்டிச் சுவரை இல்லை.

பவளப்பாறை: தொட்டி எத்தனை அடி?

ஆழிமுத்து: நாலடி.

பவளப்பாறை: நாலடியில் இரண்டு டாங்கா? நாள் முழுக்கப் பாறை பாறையாக மேய்ந்து திரிகிற மீன் அண்ணே. ஆறடி இல்லாமல் இரண்டாவது டாங்கை நினைக்கவே கூடாது.

உப்புநீர்ப்பித்தன்: கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டி சிறிசு, பழி என் கண்ணாடி மேல்.

ஆழிமுத்து: நாலடி என்று தெரிந்துதானே ஒட்டச் சொன்னீர்கள்? சரி, நேற்று என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மஞ்சளைப் பிடிக்கப் பாதிப் பாறையை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. பிடித்துத் துளை போட்ட பெட்டிக்குள் விட்டு, பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். பாறைகளை வேறு மாதிரி அடுக்கினேன். பழைய பொந்து எதுவும் இப்போது அதே இடத்தில் இல்லை. விளக்கை அணைத்து வைத்தேன். இன்று காலை கோல் டாங் வெளியே வந்து நோரி என்கிற காய்ந்த கடற்பாசித் தாளைக் கொத்தியது. மஞ்சள் ஒரு வாரம் உள்ளேயே இருக்கட்டும். அடிக்கிறவனை அடைக்க வேண்டும், அவனுக்கு வேடிக்கை காட்டக் கூடாது.

உப்புநீர்ப்பித்தன்: கண்ணாடியை மூன்று நாள் முழுசாக ஒட்டியிருந்தால் பெட்டியே தேவைப்பட்டிருக்காது. உங்கள் யோசனையைக் கேட்டு நான் பட்டதை மறந்துவிட்டீர்களா? புதுத் தொட்டி சைக்கிள் ஆக, அதாவது கழிவை முறிக்கிற பாக்டீரியா வளர, டாம்செல் மீன் விடச் சொன்னது யார்? அந்த ஒரு சுண்டுவிரல் மீன் அடுத்து வந்த எல்லாவற்றையும் விரட்டியது. அதைப் பிடிக்க நான் எடுத்தது பாதிப் பாறை இல்லை, முழுப் பாறை.

ஆழிமுத்து: நான் சொன்னது பச்சை க்ரோமிஸ்.

நீலவால்: க்ரோமிஸும் டாம்செல் குடும்பம்தான். அப்படிப் பார்த்தால் க்ளவுனும்தான்.

ஆழிமுத்து: குடும்பம் ஒன்றானால் குணமும் ஒன்றா?

பவளப்பாறை: என் ஆறு க்ரோமிஸ் ஒன்றையொன்று கொத்திக் கொத்திக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதை விடுங்கள், கோல் டாங் மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அடிபட்டு மிரண்ட டாங்குக்கு வெள்ளைப்புள்ளி நோய் சீக்கிரம் வரும். நோய் இருக்கிறதா என்று பார்க்க முதலில் தனித்தொட்டியில் வைத்துத்தானே விட்டீர்கள்?

ஆழிமுத்து: நாலு வாரம் வைத்தேன். புள்ளி இல்லை, கீறல்தான் இருக்கிறது. அது கண்ணாடியால் வந்தது.

உப்புநீர்ப்பித்தன்: முள்ளால் வந்தது என்று நீங்களேதான் எழுதினீர்கள். மூன்று நாள் ஒட்டினீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆழிமுத்து: இரண்டு நாள். இன்னொரு தடவை கேட்டாலும் இரண்டு நாள்தான்.