மகளுக்கு இரண்டு பால் பற்கள் ஒட்டி முளைத்திருக்கின்றன – வெட்டிப் பிரிக்க வேண்டுமா?

யாழினி அம்மா, விருதுநகர்:

என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. கீழ்வரிசையில் இடப்பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல் மட்டும் மற்றவற்றைப்போல் இரு மடங்கு அகலமாக இருக்கிறது. நடுவில் மேலிருந்து ஈறு வரை ஒரு கோடு ஓடுகிறது. இரட்டை வாழைப்பழத்தைப் பார்த்திருப்பீர்கள், அப்படியே இருக்கிறது. ஒன்றரை வயதில் அது வெளியே வந்தபோது பெரிய பல் என்றுதான் நினைத்தேன். வலி இல்லை, முறுக்குகூடக் கடித்துத் தின்கிறாள். ஆனால் இரண்டு மாதமாக அந்தக் கோட்டில் பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

போன வாரம் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "நடுவில் வெட்டிப் பிரித்துவிடலாம், இல்லையென்றால் பிடுங்கிவிடலாம், பால் பல்தானே" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்ததல்லவா, அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஒரு நிமிடம் போய் வந்தேன். அன்று அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பல்லைப் பார்த்ததிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறார். நம்பிக்கை இல்லாதவள்தான் நான். ஆனாலும் இரவில் அவள் வாயைத் திறந்து தூங்கும்போது அந்தப் பல் கண்ணில் பட்டால் தொண்டை அடைக்கிறது. இது எதனால் வருகிறது? என்ன செய்ய வேண்டும்?

செந்தில், நெய்வேலி:

சகோதரி, என் மகனுக்கும் இதேதான், வலப்பக்கம். இப்போது ஒன்பது வயது. தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். நாங்கள் பார்த்த மருத்துவர் அந்தப் பிளவில் பூச்சு ஒன்றைப் பூசி அடைத்துவிட்டார். ஊசி இல்லை, பத்து நிமிட வேலை. இரண்டு முறை பெயர்ந்தது, மறுபடி பூசிக்கொண்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிறோம்.

ஆறு வயதில் தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உண்மையான செய்தி தெரிந்தது. ஒட்டிய பல்லுக்குக் கீழே இரண்டு நிரந்தரப் பற்கள் இருக்க வேண்டும். கோரைப்பல் மட்டும் இருந்தது, அதற்கு முன்னால் வர வேண்டிய வெட்டுப்பல் இல்லவே இல்லை. அன்று என் மனைவி அழுதுவிட்டார். அந்தக் கோரைப்பல் மேலே வரும்வரை பால் பல்லே இடத்தைக் காத்து நிற்கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்று வயதில் யாராவது அதைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பேரன்களின் பாட்டி:

கண்ணு, மனதைத் தேற்றிக்கொள். என் மகள் வயிற்றுப் பேரன் பிறக்கும்போதே கீழே ஒரு பல்லோடு பிறந்தான். மாமனுக்கு ஆகாது என்று ஊரே பேசியது. என் மகன், அதாவது அந்த மாமன்தான், அவனைத் தோளில் போட்டு வளர்த்தான். பால் குடிக்கும்போது அந்தப் பல் உரசி நாக்கின் அடியில் புண்ணாகிவிட்டது, பல்லும் ஆடியது. மூச்சுக்குழாயில் போய்விடும் என்று மருத்துவர் எடுத்துவிட்டார். எடுப்பதற்கு முன், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பேச்சு ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. உன் வீட்டிலும் அடங்கும்.

மதுரை பல் மருத்துவர்:

பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகளின் பற்களையே பார்த்துவருகிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனாலும் ஒரு வேலை செய்யுங்கள்: பற்களை எண்ணுங்கள். பால் பற்கள் மேலே 10, கீழே 10. ஒட்டிய பல்லை ஒன்றாகவே எண்ண வேண்டும். கீழே ஒன்பது வந்தால், பல்லாக வளரும் பக்கத்துப் பக்கத்து முளைகள் இரண்டு இணைந்திருக்கின்றன. பத்து வந்தால் ஒரே முளை பிரிய முயன்று பாதியில் நின்றிருக்கலாம், அல்லது கூடுதலாக உருவான பல் ஒன்று ஒட்டியிருக்கலாம்.

பிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே இரண்டாகத் தெரிந்தாலும் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் அறை பல நேரம் ஒன்றுதான். வெட்டினால் அது திறந்துகொண்டு சீழ் பிடிக்கும். வெட்டுவதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போதைய கவலை பழுப்புக் கோடுதான். வெறும் கறையாக இருக்கலாம், சொத்தையின் தொடக்கமாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டி, சுத்தம் செய்து பிளவை அடைத்துவிடுங்கள். ஃப்ளோரைடு பற்பசை அரிசி அளவு போதும், மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. தேய்ப்பது நீங்களாக இருக்க வேண்டும். இரவில் பால் குடித்துவிட்டு அப்படியே தூங்க விடாதீர்கள்.

செந்தில் சொன்ன எக்ஸ்ரேயை ஐந்து, ஆறு வயதில் எடுத்தால் போதும். பால் பல் தானாக விழ அதன் வேர் கரைய வேண்டும்; ஒட்டிய பல்லின் வேர் சில குழந்தைகளுக்குத் தாமதமாகக் கரையும். அப்போது எடுத்துவிட நேரலாம், அதற்கும் காலம் இருக்கிறது. பெரும்பாலான கணக்கெடுப்புகளில் 0.5 முதல் 2.5 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி இருக்கிறது.

கிரகணத்தைப் பற்றி: பால் பல் முளைகள் கருவின் ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே தோன்றத் தொடங்குகின்றன. நான்காம் மாதத்தில் முன்பற்கள் கெட்டிப்படத் தொடங்கிவிடும். நீங்கள் மாடிக்குப் போனது ஐந்தாம் மாதம். அம்மா, அந்தத் துணிக்கும் இந்தப் பல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நிரந்தரப் பல் பிறவியிலேயே இல்லாமல் போவது பல குடும்பங்களில் வழிவழியாக வரும். உங்கள் இரு வீட்டிலும் யாருக்காவது பல் குறைவா என்று கேட்டுப் பாருங்கள்.

யாழினி அம்மா, விருதுநகர்:

எல்லோருக்கும் நன்றி. பாட்டி, உங்கள் வார்த்தையை இரண்டு முறை படித்தேன்.

எண்ணினேன். மேலே 10, கீழே 9. கடைசிக் கடைவாய்ப்பல் போன மாதம்தான் முளைத்தது, அதையும் சேர்த்துத்தான்.

மருத்துவர் எழுதியதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் சத்தமாகப் படித்தார். "யாருக்காவது பல் குறைவா" என்ற இடத்தில் அத்தை எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். கீழே முன்பற்கள் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு மூன்றுதான் இருக்கின்றன. எந்தப் பல்லையும் எடுத்ததில்லையாம், சின்ன வயதிலிருந்தே இடைவெளிதானாம். இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, நான் ஒன்றும் சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை மதுரைக்குப் போகிறோம், தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஆறரை மணி பஸ்.