மாடித் தொட்டியில் மண்புழுக்கள் மேலேறுவது ஏன்?

கேள்வி:
மதுரையில் எங்கள் மாடியில் மண்புழு உரம் தயாரிக்க, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டியில் தென்னைநார்க் கழிவைப் பரப்பி, அதன்மேல் புதுச் சாணமும் காய்கறித் தோலும் இட்டு, யூட்ரிலஸ் யூஜீனியே என்னும் ஆப்பிரிக்கப் புழுக்களை விட்டேன். மறுநாள் காலையில் பாதிப் புழுக்கள் மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. என்ன தவறு?

மறுமொழி 1:
புதுச் சாணம்தான் காரணமாக இருக்க வேண்டும். மட்கும்போது அது சூடேறுவதுடன் அம்மோனியாவையும் வெளியிடும் என்பதால், இரண்டு மூன்று வாரம் நிழலில் ஆறவைத்து, உள்ளே கைவிட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே இடுங்கள்.

மறுமொழி 2:
ஐயா சொன்னதுடன் ஈரத்தையும் கவனியுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளிகளே சொட்ட வேண்டும். எலுமிச்சைத் தோலை அறவே தவிர்த்துவிடுங்கள். எறும்பு வராமலிருக்கத் தொட்டியைத் தாங்கும் செங்கற்களை நீர்த்தட்டில் வையுங்கள். என் முதல் தொட்டியை எறும்புகளே காலி செய்தன.

கேட்டவர்:
சாணத்தை வழித்தெடுத்தேன், உள்ளே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. புழுக்கள் மீண்டும் நாருக்குள் இறங்கிவிட்டன.