மூக்கு ஒழுகினால் வீட்டுக்கு அனுப்பினால் போதுமா?

இரட்டைவால்: என் மகளின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் புது விதி: மூக்கு ஒழுகினால் வரக்கூடாது. போன மாதம் மட்டும் ஒன்பது நாள் லீவு போட்டேன். சளி குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. அறையின் ஜன்னல்கள் மட்டும் எப்போதும் சாத்தியே கிடக்கின்றன. முதலில் காற்றைக் கவனிக்க வேண்டாமா?

சாக்பீஸ்: பதினான்கு வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஒருவன் வாயில் வைத்து எடுத்த மரக்கட்டை அடுத்தவள் வாய்க்குப் போக இரண்டு நொடி ஆகாது. அதற்கு ஜன்னல் என்ன செய்யும்? சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது, பொம்மையைத் துடைப்பது, முடியாத பிள்ளையை வீட்டில் வைப்பது. இதுதான் வேலைக்காகும்.

மூன்றாம்பெஞ்ச்: கட்டை விஷயம் சரிதான் டீச்சர். ரைனோ, ஆர்எஸ்வி மாதிரி சளி வைரஸ்கள் எல்லாம் கை வழியாகவும் பரவும். ஆனால் ஃப்ளூ பிடித்த பிள்ளை, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடும். வாசலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து யாரைத் தடுப்பீர்கள்? கொரோனா காலத்தில் இத்தாலியின் மார்க்கே பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகளை ஒப்பிட்டார்கள். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டருக்கு மேல் இயந்திரம் வழியே காற்று வந்த அறைகளில் தொற்று 80 சதவீதத்துக்கு மேல் குறைவு.

சாக்பீஸ்: எங்களுக்கும் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வந்தது. அந்த இரைச்சலில் கதை சொன்னால் பின்னால் இருப்பவன் "என்ன மிஸ்?" என்று நாலு தடவை கேட்பான். தூங்கும் நேரத்துக்கு அணைத்தோம். அப்புறம் யாரும் போடவே இல்லை. போட்டிருந்த நாட்களிலும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் அசையவில்லை.

மூன்றாம்பெஞ்ச்: அசையாது. வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். மீட்டர் காட்டுவது வெளிக்காற்று வருகிறதா என்பதை மட்டும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. பையன் வகுப்பில் பெற்றோர் கூட்டத்தின்போது மேசையில் ஒரு மீட்டரை வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் 1,900. அடுத்தவர் விட்ட மூச்சைத்தான் எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தோம்! இரைச்சலுக்கும் வழி உண்டு: சின்ன மெஷினை முழு வேகத்தில் ஓட்டினால் கத்தத்தான் செய்யும். இரண்டை வைத்துக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023இல் சொன்னது, மணிக்கு ஐந்து முறையாவது அறைக்காற்று மாறுகிற அளவுக்குச் சுத்தமாக வேண்டும் என்று. வடிகட்டியும் அந்தக் கணக்கில் சேரும்.

சாக்பீஸ்: தூங்கும் இரண்டு மணி நேரம்தான் அறை முழுக்க அடைத்துக் கிடக்கிறது. அப்போது ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் விதியை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இரட்டைவால்: காய்ச்சலோ மூச்சிழுப்போ இருந்தால் நானே அனுப்ப மாட்டேன் மிஸ். சாதாரணச் சளி பிடித்தாலே மூக்கு இரண்டு வாரம் வரைகூட ஒழுகும். அதற்கும் சேர்த்து என் மேனேஜரிடம் யார் லீவு கேட்பது?