ரன்ஆஃப் தேர்தல்: "இரண்டாம் சுற்று" சரிவருமா?

ஐயா, ரன்ஆஃப் தேர்தலுக்கு (யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காவிட்டால் முன்னணியில் வந்தவர்களுக்குள் மறுபடி நடக்கும் தேர்தல்) தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன "இரண்டாம் சுற்று" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க மாநிலமான லூசியானாவின் ஆளுநர் தேர்தலை வைத்து எழுதிப் பார்த்தேன், இடிக்கிறது. (நம் ஊர் ஆளுநர்போல நியமனம் இல்லை, அங்கே மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். இதை வேறு ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது!)

2019 அக்டோபர் 12-இல் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில். பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி ஜான் பெல் எட்வர்ட்ஸுக்கு 46.6 சதவீதம், குடியரசுக் கட்சி எடி ரிஸ்போனுக்கு 27.4, அதே கட்சியின் ரால்ஃப் ஏபிரகாமுக்கு 23.6. யாரும் பாதியைத் தாண்டாததால் முதல் இருவர் மட்டும் நவம்பர் 16-இல் மறுபடி மோதி, எட்வர்ட்ஸ் சுமார் 40,000 ஓட்டில் கரையேறினார்.

இப்போது "இரண்டாம் சுற்றில் எட்வர்ட்ஸ் முன்னிலை" என்று தலைப்புப் போடுங்கள். ஓட்டு எண்ணுகிறார்கள், இன்னும் பதினெட்டு சுற்று பாக்கி என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். "இரண்டாம் கட்டம்" அதைவிட மோசம், வேறு மாவட்டங்களில் வாக்குப்பதிவு என்றாகிவிடும். "மறுதேர்தல்" என்றாலோ முதல் தேர்தல் செல்லாது என்று பொருள்.

இலங்கைத் தேர்தல் வழக்கத்திலிருந்து "விருப்பு வாக்கு" எடுக்கலாம் என்ற யோசனையும் ஒட்டாது. 2024 அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பாதியைத் தொடாதபோது, ஏற்கெனவே போட்ட சீட்டுகளில் இருந்த இரண்டாம் விருப்பைத்தான் எண்ணினார்கள், யாரும் திரும்பச் சாவடிக்குப் போகவில்லை.

என் ஓட்டு "இருவர் தேர்தல்" என்பதற்கு. 1987-இல் அதே லூசியானாவில் இரண்டாவதாக வந்த எட்வின் எட்வர்ட்ஸ் (இவர் வேறு எட்வர்ட்ஸ்) விலகிக்கொள்ள, பட்டி ரோமர் வெறும் 33 சதவீதத்தோடு ஆளுநரானார். இருவர் இல்லை, அதனால் தேர்தலும் இல்லை. சொல்லே விளக்கிவிடுகிறது பாருங்கள். முதலிலிருந்தே இரண்டு பேர்தான் நின்றால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்கு "நேரடிப் போட்டி" இருக்கிறது.

ஒரு ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் சில தொகுதிகளில் மூன்று பேர் அடுத்த வாரத்துக்குப் போவார்கள். அங்கே "இருவர்" படுத்துவிடும். "எஞ்சியோர் தேர்தல்" என்று மாற்றினால் பொருந்தும், ஆனால் ஏதோ விபத்தில் பிழைத்தவர்கள்போல ஒலிக்கிறதே, வேறு யாருக்காவது ஏதும் தோன்றுகிறதா?