ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் தொடையில் கட்டி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு இது 30-வது வாரம், தலைப்பிரசவம். ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது எடுத்ததில் குழந்தையின் வலது தொடையில் 4 செ.மீ. கட்டி. டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) அது முழுக்கச் சிவப்பும் நீலமுமாக ரத்த ஓட்டம். பிறவி ஹெமாஞ்சியோமாவாக (பிறக்கும்போதே இருக்கும் ரத்தக்குழாய்க் கட்டி) இருக்கலாம், வேறு வகைக் கட்டியா என்று பார்க்கக் கருவுக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார் டாக்டர். படம் தெளிவாகத் தெரியப் போடும் காண்ட்ராஸ்ட் ஊசி கிடையாதாம், அந்த மட்டில் நிம்மதி.

கட்டிக்கு ரத்தம் அதிகம் பாய்ந்தால் குழந்தையின் இதயத்துக்குச் சுமை கூடுமாம். அதனால் இதயம் பெரிதாகிறதா, உடம்பில் நீர் கோக்கிறதா என்று வாராவாரம் பார்க்கிறார்கள். இதில் ஒரு வகை பிறந்தபின் சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடும், இன்னொரு வகை சுருங்காது. எதுவென்று பிறந்த பிறகுதான் தெரியுமாம்.

நாங்கள் மதுரைப் பக்கம். கருவின் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துச் சொல்லும் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் இங்கே உண்டா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? இப்படிக் குழந்தை பெற்றவர்கள் இருந்தால், சுகப்பிரசவமா சிசேரியனா, பிறந்ததும் குழந்தைக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்ததா என்று எழுதுங்கள். கைவைத்தியம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. அம்மா ஏற்கெனவே கிரகணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.